மைசூர் பார்க்காத மைசூர்ப் பருப்பு

மளிகைக் கடையில் துவரம் பருப்புக்கும் பாசிப் பருப்புக்கும் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மூட்டை வாய் திறந்து நிற்கும். அதுதான் மைசூர்ப் பருப்பு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் துவரை விலை ஏறும் மாதங்களில்தான் அதன் நினைப்பு வரும். இலங்கையில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெறுமனே 'பருப்பு' என்றாலே இதுதான். பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு அவித்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய பருப்புக் கறியும் அரை றாத்தல் பாணும் (ரொட்டி) இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

முழுப் பயறு கொஞ்சம் கிடைத்தால் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மேல்தோல் தவிட்டு நிறம். நடுவில் இருபக்கமும் மெல்லப் புடைத்து, விளிம்பு நோக்கி ஒடுங்கும் சின்னஞ்சிறு வட்டு. தோலை உரித்தால் உள்ளே செம்மஞ்சள். தோல் போயும் இரண்டாகப் பிளக்காமல் உருண்டையாக நிற்பதைப் பருப்பு வணிகர்கள் 'ஃபுட்பால்' என்பார்கள். ஊறவைக்கும் வேலை இல்லை. கொதி வந்த கால் மணி நேரத்தில் குழைந்துவிடும், குழையும்போதே சிவப்பு கரைந்து மஞ்சளாகிவிடும். விறகும் எரிவாயுவும் மிச்சம். ஏழை வீட்டு அடுப்புகளை இது பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கால் மணிக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

மைசூருக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. சமஸ்கிருதத்தில் மசூரம், இந்தியில் மசூர். குளிர்காலத்தில் வளரும் பயிர் என்பதால் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய வடபுலங்களில்தான் இந்தியாவில் பெரிதும் விளைகிறது. மூட்டையில் ஏறித் தெற்கே வந்த 'மசூர்', நம் காதுக்குப் பழகிய 'மைசூர்' ஆகிவிட்டது. இப்படிப் போகிற ஊரெல்லாம் புதுப் பெயரும் புது முகவரியும் வாங்கிக்கொள்வது இந்தப் பருப்புக்குப் பழைய வழக்கம்.

அதன் சொந்த ஊர் மேற்கு ஆசியா. இன்றைய சிரியாவும் துருக்கியின் தென்கிழக்கும் சேரும் மலையடிவாரங்களில் இன்றும் காட்டுப் பயறு வளர்கிறது. மனிதர் உழுவதற்கு முன்பே அதைப் பொறுக்கித் தின்றிருக்கிறார்கள். கிரேக்க நாட்டின் ஃபிராங்த்தி குகையில் கிடைத்த காட்டுப் பயறு ஏறத்தாழ 13,000 ஆண்டு பழையது. காட்டுச் செடியில் காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும், பொறுக்குபவர் கைக்கு மிஞ்சுவது கொஞ்சம். எங்கோ ஒரு செடியில் காய் வெடிக்க மறந்தது. அந்தப் பிறழ்ச்சி செடிக்குக் கேடு, மனிதருக்கு லாபம். வெடிக்காத காய்களின் விதையே வீட்டுக்கு வந்தது. அதுவே மறுபடி நிலத்துக்கும் போயிற்று. கோதுமை, பார்லி, பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவற்றோடு உலகின் முதல் பயிர்களில் ஒன்றாக இது உருவானது இப்படித்தான். இஸ்ரேலில் இஃப்தாஹேல் என்ற கற்கால ஊரைத் தோண்டியபோது, கருகிய பயறு ஏறக்குறைய 14 லட்சம் மணிகள் ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தன. அது கி.மு. 7000ஐ ஒட்டிய காலத்துச் சேமிப்பு. மண்பானை வனையத் தெரியாத மக்கள், அடுத்த போகத்துக்கும் அடுத்த பஞ்சத்துக்கும் பயறு எடுத்துவைக்கத் தெரிந்திருந்தார்கள்.

பயிர் பிறந்ததும் அதன் போலியும் கூடவே பிறந்தது. பயற்று வயல்களில் வெட்ச் என்றொரு களை முளைக்கும். இதுவும் அவரைக் குடும்பம்தான். ஆனால் இதன் விதை உருண்டை, பயறோ தட்டை. முறத்தில் புடைத்தால் உருண்டை தனியே ஓடிவிடும். தப்பித்தவை சற்றே தட்டையாகப் பிறந்த களை விதைகள் மட்டும். அவை பயறோடு பயறாக மறுபடி விதைக்கப்பட்டன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் இப்படிப் புடைத்துப் புடைத்து, பயற்றைப் போலவே தட்டை விதை உள்ள ஒரு களையை உழவர்கள் தம்மை அறியாமலே வளர்த்துவிட்டார்கள். ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் இந்த வகை வேடத்தை விளக்கினார், இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்த வெட்சை நினைவில் வைத்திருங்கள், 1990களில் அது மறுபடி வரும்.

எழுத்தில் இந்தப் பருப்பு செய்த மிகப் பெரிய வணிகம் விவிலியத்தில் இருக்கிறது. வேட்டையாடிக் களைத்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சிய சிவந்த கூழுக்காகத் தன் மூத்த மகன் உரிமையையே விற்றுவிடுகிறான். தமிழ் வேதாகமத்தில் அது பயற்றங்கூழ். மேற்கு ஆசியாவில் சிவப்புக் கூழ் என்றால் இந்தப் பயற்றைத்தான் கேட்டவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அங்கிருந்து கிழக்கே கிளம்பிய பயறு ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டது. மேற்கு ஆசியப் பயறு பகல் நீளும்போது பூக்கும். சிந்து கங்கைச் சமவெளியிலோ குளிர்காலப் பகல் குறுகியது, அது கழிந்ததும் வெயில் வந்து செடியை வாட்டிவிடும். தாமதமாகப் பூக்கும் செடி காய்ப்பதற்குள் கருகும். ஆகவே ஆப்கானிஸ்தான் வழியாக வந்த பயற்றில், சீக்கிரம் பூக்கும் சில செடிகளின் வாரிசுகள் மட்டுமே இந்தியத் துணைக்கண்டத்தில் நிலைத்தன. சிந்துவெளித் தலங்களில் கிடைத்ததும், அர்த்தசாஸ்திரம் பேசும் மசூரமும் அந்த வழிதான். கோடிக்கணக்கான மக்களுக்கு உணவாகும் தெற்காசியப் பயற்றின் மரபணு வளம் வியக்கத்தக்க அளவு குறுகியது என்று 1990களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வம்சம் குறுகினால் ஒரே நோய் எல்லா வயலையும் வாரிக்கொண்டு போகும். இதைத் தீர்க்க உதவியவற்றில் ஒன்று அர்ஜென்டினாவின் 'ப்ரெகோஸ்' என்ற ரகம். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு 'முந்திக்கொள்வது' என்று பொருள், அதாவது முந்திப் பூப்பது. ஸ்பானியரோடு அட்லாண்டிக் கடந்து போன விதையின் பேத்தி, உலகத்தைச் சுற்றிவந்து வங்காளத்து உறவுக்காரரோடு கலந்தது.

மேற்கே போன பயறு எகிப்தில் செழித்தது. நைல் கழிமுகத்தின் பெலூசியம் பயற்றுக்குப் பேர்போன ஊர். ரோமப் பேரரசர் கலிகுலா (கி.பி. 37–41) எகிப்திலிருந்து ஒரு பெரிய கல்தூணை ரோமுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். அதற்கென்றே ஒரு பெருங்கப்பல் கட்டினார்கள். கப்பல் ஆடாமலிருக்க அடிப்பாரமாக 1,20,000 மோடியஸ் பயறு ஏற்றினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. இன்றைய அளவில் அது சுமார் 800 டன். அந்தத் தூண் இன்று வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. திருத்தந்தையைக் காணப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் 25 மீட்டர்க் கல், பயற்றின் துணையோடு கடல் கடந்து வந்தது. கப்பலை அடுத்த பேரரசர் கிளாடியஸ், துறைமுகம் கட்டும்போது அடித்தளமாகக் கடலில் மூழ்கடித்துவிட்டார்.

ரோமர் பயற்றுக்கு இட்ட பெயர் 'லென்ஸ்'. ஆம், மூக்குக் கண்ணாடியிலும் கேமராவிலும் இருக்கும் அதே லென்ஸ். நடு புடைத்து ஓரம் மெலிந்த கண்ணாடித் துண்டைப் பார்த்த ஐரோப்பியருக்குச் சமையலறைப் பயறுதான் ஞாபகம் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் அறிவியலில் நிலைத்தது. தொலைநோக்கி, நுண்ணோக்கி, நம் கைப்பேசியின் பின்பக்கக் கண் எல்லாம் இந்தப் பருப்பின் பெயரைத்தான் சுமக்கின்றன. ரோமில் மனிதர்களும் சுமந்தார்கள். லெந்துலுஸ் என்ற உயர்குடிப் பெயர் பயற்றிலிருந்தும், சிசரோ என்ற பெயர் கொண்டைக்கடலையிலிருந்தும் வந்தவை.

ஒரே பருப்பை ஊருக்கொரு விதமாகப் படித்தார்கள். யூதர்கள் துக்க வீட்டில் இதைப் பரிமாறுவார்கள்: வாய் போல் பிளவில்லாத உருண்டைப் பயறு, சோகத்தில் பேச்சற்றவரைப் போன்றதாம். இத்தாலியில் புத்தாண்டு இரவில் இதைச் சாப்பிட்டால் காசு சேரும், ஏனென்றால் வட்டமாக நாணயம் போல் இருக்கிறது. வங்காளத்தில் இது புலாலோடு சேர்க்கப்பட்டு, மரக்கறி மட்டுமே உண்ணவேண்டியிருந்த விதவைகளுக்கு மறுக்கப்பட்டது. எளிய மனிதரின் சத்துணவையே அதிகம் தேவைப்பட்டவர்களிடமிருந்து விலக்கிவைத்த வழக்கம் அது.

அடுத்த வேடம் லண்டனில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலப் பத்திரிகைகள் 'ரெவலென்டா அராபிகா' என்ற அற்புத மாவை விளம்பரப்படுத்தின. அஜீரணம், மலச்சிக்கல், நரம்புத் தளர்ச்சி என எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. விற்றவர் தன்னை பாரி டு பாரி என்று அழைத்துக்கொண்டவர். பயற்றுக்கு அப்போதைய தாவரவியல் பெயர் 'எர்வம் லென்ஸ்'. அதை ஒட்டி 'எர்வலென்டா' என்று வேறொருவர் முன்பே ஒரு மாவு விற்றுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் அதன் முதலிரண்டு எழுத்தை இடம் மாற்றினால் ரெவலென்டா. போலியைப் பார்த்து இன்னொரு போலி! 1850களில் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசால் உணவுக் கலப்படங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 'லான்செட்' இதழில் வரிசையாக வெளியிட்டார். அற்புத மாவைப் பார்த்தார்: பயற்று மாவு, கொஞ்சம் தானிய மாவு, வேறொன்றுமில்லை. பருப்பின் பெயர் கொண்ட லென்ஸ் வழியாகவே பருப்பின் பொய் வேடம் கலைந்தது.

வட அமெரிக்காவில் இதற்கு வழி திறந்தது மதம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரில் பலர் இறைச்சி உண்பதில்லை. அந்தச் சபையைச் சேர்ந்த ஓர் உழவர் 1916 வாக்கில் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபார்மிங்டன் அருகே சிறிதளவு பயறு விதைத்தார். தம்மவருக்கு உணவாக விதைத்தது, பலூஸ் குன்றுகளில் கோதுமைக்கு மாற்றுப் பயிராகப் பரவி ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது.

அங்கிருந்து வடக்கே தாவியதற்குக் காரணம் கோதுமைப் பெருக்கம். 1970இல் கனடாவின் களஞ்சியங்களில் விற்காத கோதுமை மலைபோல் குவிந்துகிடந்தது. கோதுமை விதைக்காமல் இருப்பதற்கே அரசு உழவர்களுக்குப் பணம் கொடுத்தது. சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு போகம் விளைத்து மறு போகம் தரிசு போடுவது வழக்கம். தரிசில் என்ன விதைக்கலாம் என்ற தேடலில் பயறு வந்து சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரச் செலவும் குறைந்தது. அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து 1972இல் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆல் ஸ்லிங்கார்ட், 1978இல் 'லேர்ட்', 1980இல் 'எஸ்டன்' என்று இரண்டு ரகங்களை வெளியிட்டார். குறுகிய கோடையில் விளைந்து முடியும் ரகங்கள் அவை. 1970இல் கனடாவில் சில நூறு ஹெக்டேரில் தொடங்கிய பயிர் இன்று நல்ல ஆண்டுகளில் 20 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியாகிறது. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை போகும், கடலே இல்லாத மாகாணம் அது. அங்கிருந்து ரயிலில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வான்கூவர் துறைமுகத்தில் கப்பலேறுகிறது நம் சாம்பாருக்கான பருப்பு. விளைவிப்பவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் அது சமையலில் இடம்பெற்றதே இல்லை. தாம் உண்ணாத ஒன்றைத் தாம் பார்க்காத மக்களுக்காக அவர்கள் விளைவிக்கத் தொடங்கினார்கள்.

கனடா முதலில் விளைத்தது பெரும்பாலும் இதே பயற்றின் பச்சை நிற ரகம். சிவப்பு ரகத்தில் 1980களின் பெரிய ஏற்றுமதியாளர் துருக்கிதான். தோல் நீக்கி உடைக்கும் ஆலைகள் மெர்சின், காசியான்டெப் நகரங்களில் இருந்தன. துருக்கியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குச் சஸ்காட்செவனில் பிறந்த முராத் அல்-கதீப், 2000களின் தொடக்கத்தில் ரெஜைனா நகரில் ஒரு பருப்பு ஆலை நிறுவினார். தொழில்நுட்பம் துருக்கியின் அர்பெல் நிறுவனத்திடமிருந்து வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் துருக்கி நிறுவனத்தையே வாங்கிவிட்டார். இதற்குள் துருக்கியில் விளைச்சல் குறைந்துபோக, கனடாவின் பயறு மெர்சினுக்குப் போய் உடைபட்டு அங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போகத் தொடங்கிற்று. ஏசாவின் வட்டாரமே பயற்றுக்குக் கனடாவை எதிர்பார்க்கலாயிற்று.

இதற்கு முன்பே, 1980களில், ஈழத்தில் 'பருப்பு' அரசியல் சொல்லாகியிருந்தது. 1987 ஜூன் 4 அன்று, முற்றுகையில் தவித்த யாழ்ப்பாண மக்களுக்கு இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களைப் பாரசூட்டில் இறக்கின. இந்திய அரசு வைத்த பெயர் 'ஆபரேஷன் பூமாலை'. தென்னிலங்கையில் மக்கள் வாயில் அது 'பருப்பு டிராப்' ஆயிற்று. பசித்த நாட்டில் நிவாரணம் என்றால் பருப்பு என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் உண்மை.

இப்போது வெட்ச். ஆஸ்திரேலியாவில் ஆடுமாடுத் தீவனமாக விளைந்த 'பிளான்ஷ்ஃப்ளூர்' என்ற வெட்ச் ரகத்தின் தோலை நீக்கி உடைத்தால் உள்ளே அதே செம்மஞ்சள். மைசூர்ப் பருப்போடு பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே ஏமாறும், விலையோ மலிவு. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அது உணவுப் பருப்பாகக் கப்பலேறி எகிப்துக்கும் தெற்காசியாவுக்கும் வந்தது. ஆனால் வெட்சில் நரம்பைத் தாக்கும் சயனோஅலனின் நஞ்சு உண்டு. மாடு தாங்கும், மனிதர் உண்ணத் தகாதது. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் டேட், டிர்க் என்னெக்கிங் இருவரும் 1992இல் 'நேச்சர்' இதழில் இதை உலகுக்கு எழுதினார்கள். ஏசாவின் சிவப்புக் கூழை நினைவூட்டும் தலைப்பு வைத்தார்கள். தம் நாட்டு ஏற்றுமதிக்கு இழப்பு வரும் என்று தெரிந்தே பேசினார்கள். பசித்தவன் தட்டில் விழவிருந்த நஞ்சைத் தடுத்த அந்தக் கடிதத்தை, இந்தப் பருப்பின் வரலாற்றிலேயே மிக நேர்மையான செயலாக நான் மதிக்கிறேன். பின்னர் இந்தியா, எகிப்து முதலிய நாடுகள் தடைகளைக் கொண்டுவந்தன. கற்கால முறத்தில் தொடங்கிய ஆள்மாறாட்டம் துறைமுகப் பரிசோதனைக் கூடத்தில் பிடிபட்டது. ஆஸ்திரேலியாவும் அந்தப் பத்தாண்டிலேயே விக்டோரியாவின் விம்மெரா சமவெளியில் அசல் பயற்றை விளைக்கத் தொடங்கி, இன்று கனடாவோடு போட்டியிடுகிறது.

எல்லா மாற்றும் ஏமாற்று அல்ல. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்கு மாற்றாகக் 'கனடியன் மஞ்சள் பருப்பு' கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இதே பயற்றின் இன்னொரு ரகம். உள்பருப்பு சிவப்புக்குப் பதில் மஞ்சள், அவ்வளவே. அதன் ஊர்ப் பெயரும் மறைக்கப்படவில்லை. பெயரை மறைக்காத மாற்றுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வணிகத்தின் கயிறு இன்று டெல்லியின் கையில். உள்நாட்டில் விளைச்சல் பெருகி விலை சரிந்த 2017 டிசம்பரில் இந்தியா இப்பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டது. சஸ்காட்செவனில் விலை விழுந்தது. கொரோனா ஆண்டுகளில் இங்கே பருப்பு விலை ஏறியது, 2021 ஜூலையில் அடிப்படை வரியைப் பூச்சியமாக்கினார்கள். கனடாவில் வயல்கள் சிரித்தன. 2023இல் இரு நாட்டு உறவு கசந்தபோது வணிகர்கள் ஆஸ்திரேலியாவின் பக்கம் திரும்பினார்கள். மழை, தேர்தல், தூதரகச் சண்டை எது வந்தாலும் அதன் அதிர்வு கடைசியில் ஒரு கிலோ விலைப் பலகையில் தெரியும். உள்நாட்டில் போதிய பருப்பு விளையாத வரை நம் அடுப்பு பிறர் வானிலையை நம்பித்தான் எரியும். இலங்கைக்கு இது இன்னும் கடுமை, அங்கே உண்ணும் மைசூர்ப் பருப்பு முழுவதுமே கடல் தாண்டி வருவது.

இத்தனை நாடுகளின் ரகங்களுக்கும் தாய் வீடு ஒன்று இருந்தது. சிரியாவின் அலெப்போ அருகே 1977 முதல் இயங்கிய ஐகார்டா என்ற பன்னாட்டு வறள்நில வேளாண் ஆய்வு மையத்தின் விதை வங்கி அது. ஆஸ்திரேலிய ரகங்கள் பலவும் வங்கதேசத்தின் நோய் தாங்கும் ரகங்களும் அங்கே கிடைத்த விதைகளால் பிறந்தவை. சிரியாவில் போர் மூண்டது. ஆனால் மையத்தின் ஆய்வாளர்கள் விதைகளின் நகல்களை, வடதுருவத்தின் அருகே நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்துக்கு அனுப்பிவந்திருந்தார்கள். 2008இல் திறந்த அந்தப் பெட்டகத்திலிருந்து விதையைத் திருப்பி எடுத்த முதல் நிறுவனம் ஐகார்டாதான், ஆண்டு 2015. எடுத்த விதைகளை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017 முதல் புதிய நகல்களைப் பெட்டகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பயறு பிறந்த மண்ணில் குண்டு விழுந்தபோது, பனிக்கட்டிக்கு நடுவிலிருந்து அதன் விதை வீட்டுக்குப் பக்கத்து நிலத்துக்குத் திரும்பியது.

அடுத்த முறை மைசூர்ப் பருப்பு வாங்கும்போது மூட்டையிலோ பாக்கெட்டிலோ விளைந்த நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் போலிக்கு வேலை குறையும். விதை வங்கிகளுக்கு ஒதுக்கும் பணம் வீண் செலவு என்று யாராவது சொன்னால், அலெப்போவின் கதையைச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும் இந்தப் பருப்பு நம் அடுப்புக்கு வந்து சேரப் பதின்மூவாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.